சிவப்பு நாடா

ஆட்டுப்பட்டிச் சுவரோரம், பனிக்குள்
பிள்ளை கிடந்தது என்றார்கள்.
கல்யாணமாகாதவள், பால் கறப்பவள்,
அன்று காலை தாமதமாக எழுந்தவள்
நான்.
அது போதுமாயிருந்தது.

கெண்டல் சாலையில் ஒரு சத்திரம்.
கீழே பீர் வாடை. மாடியில் நீதி.
கன்னம் சிவந்த நீதிபதி, காலடியில் அவர் நாய்.
எழுத்தர் ஜாஸ்பர் திர்க்கெல்
இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்தார்.
பிஷப்பின் உரிமம் பெற்ற மருத்துவச்சி
புத்தகத்தை முத்தமிட்டு
இது பிள்ளை பெற்ற உடம்பு என்றாள்.
என் சால்வையைக்கூட அவள் விலக்கிப் பார்த்ததில்லை.

பார்த்தவள் டாமரிஸ் ப்ரேத்வெய்ட்.
முந்தைய இரவு, என்னை அடைத்திருந்த கொட்டிலில்,
உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு
"தொடலாமா?" என்று கேட்டாள்.
அதுவரை என்னிடம் யாரும்
எதையும் கேட்டுவிட்டுச் செய்ததில்லை.
மார்பில் பால் இல்லை, வயிற்றில் தளர்ச்சி இல்லை.
"நீ பெறவில்லை" என்றாள்,
எனக்கே அதைச் சொல்லித் தெரியவேண்டும் போல.
அப்போதுதான் அழுதேன்.

அவள் குவேக்கர். சாம்பல் நிற உடுப்பு.
யாருக்கும் குனியாத இலக்கணம்:
நீதிபதிக்கும் நீ, நாய்க்கும் நீ,
அரசரே வந்தாலும் நீதான்.
"சத்தியம் செய்" என்று புத்தகத்தை நீட்டினார்கள்.
"மாட்டேன். சமையலறையில் ஓர் உண்மை,
புத்தகத்தின்மேல் இன்னோர் உண்மை என்று
என்னிடம் இரண்டு கிடையாது."
"அப்படியானால் உன் வார்த்தை செல்லாக்காசு"
என்றார் நீதிபதி.

அவள் உட்கார்ந்தாள்.
அவர்கள் ஜெபக்கூட்டத்தில் உட்காருவது போல,
கைகள் மடியில்,
யாரோ வரப்போவது போல.
அறை பொறுமையிழந்தது. ஒருவர் இருமினார்.
நாய் எழுந்து வந்து
அவள் ஏப்ரனை முகர்ந்து வாலாட்டிவிட்டு
திரும்பிப் போய்ப் படுத்தது.

பிறகு ஏப்ரன் பையிலிருந்து ஒரு கைக்குட்டை.
அதற்குள் விரல் நீள நாடா,
பழுப்பாய்க் காய்ந்து, மடிப்புக்குள் மட்டும் சிவப்பாய்.
"பிள்ளையைக் குளிப்பாட்டி அடக்கம் செய்யத் தந்தீர்கள்.
தொப்புள்கொடியில் இது இருந்தது.
கொல்ல நினைப்பவர் கொடியைக் கட்டுவதில்லை.
கட்டிய கைக்கு முதலில் வேறு எண்ணம் இருந்திருக்கிறது.
நான் நூலால் கட்டுவேன். இவள் கட்டியிருந்தால்
பாவாடை ஓரத்தைக் கிழித்துத்தான் கட்டியிருப்பாள்.
நாடாவுக்கு இவள் எங்கே போவாள்?"

எல்லார் கண்ணும் மேசைக்குப் போயிற்று.
வழக்குக் கட்டுகள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் சிவப்பு.

"ஜாஸ்பர், அந்தக் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாயா?"

மறுத்திருக்கலாம்.
விரல் விறைத்துவிட்டது என்றிருக்கலாம்.
முப்பது வருடப் பழக்கம்
மூளையைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது?
இடக்கை மேலே, இரண்டு சுற்று, உள்ளிருந்து ஓர் இழுப்பு.
இடக்கையால் எழுதியதற்குப் பள்ளியில்
அடித்துத் திருத்தினார்களாம்.
முடிச்சை யாரும் திருத்தவில்லை.
மேசைமேல் இரண்டும் அருகருகே கிடந்தன,
இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

அவரை ஆப்பிள்பி சிறைக்கு அனுப்பினார்கள்.
தாய் யார் என்று அவர் சொல்லவில்லை.
அவரிடம் மிச்சமிருந்த நல்லது அது ஒன்றுதான்.

அன்றிரவு டாமரிஸ் வீட்டுக் கணப்பருகே படுத்திருந்தேன்.
நடுநிசியில் அவள் முட்டைக்கோஸ் இலைகளை நசுக்கித்
துணியில் சுற்றிக்கொண்டு
விளக்கில்லாமல் வெளியே போனாள்.
பால் கட்டிப்போன மடிக்கு அந்த இலைதான் வைப்போம்.
பண்ணையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

விடியலில் திரும்பினாள். காலணியிலிருந்து
வெள்ளைக் கூழாங்கல் ஒன்று தரையில் உருண்டது.
வெள்ளைக் கல் பரப்பிய நடைபாதை
எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டுக்குத்தான்.
அவளைப் பார்த்துக் குரைக்காத
நாய் இருக்கும் வீடு.

முழு உண்மையும் சொல்வேன் என்று
சொல்ல வைத்திருக்கும் அந்தப் புத்தகம்.
அவள் அதைத் தொடவே இல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை.
கல்லைப் பெருக்கி எடுத்து
அடுப்புச் சாம்பலோடு கொட்டினேன்.